அண்ணன் பொறுப்பு

அத்தியாயம் பதினேழு

"கத்திரிக்கா தொக்கு இல்லாம பிரியாணி போட்டா ஆரணி மாஸ்டரே சிரிப்பாரு. அத மொதல்ல போடு" என்றான் விமல்ராஜ்.

நந்தினி செல்போனில் தட்டிக்கொண்டாள். மட்டன் பிரியாணி, நாட்டுக்கோழி வறுவல், தயிர் வெங்காயம், கத்திரிக்காய்த் தொக்கு.

"கறி சாப்பிடாதவங்களுக்கு?"

"வெஜ் பிரியாணி ஒரு சின்ன அண்டா போதும். எங்க ஆளுங்கள்ல கறி திங்காதவன் எவன் இருக்கான்?"

"ஸ்வீட்டு? எல்லாரும் பிரெட் அல்வா போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. நான் எளநீர் பாயசம் கேட்டிருக்கேன்."

"உன் இஷ்டம். உனக்கும் சேத்துத் தான கல்யாண நாளு!"

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. விமல்ராஜுக்கும் நந்தினிக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம் முடிகிறது. வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் நேற்றே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே குடும்பத்தாருக்குச் சாப்பாடு, மேலே விமல்ராஜோடு கான்ட்ராக்ட் எடுக்கும் கூட்டாளிகளுக்கு விருந்து என்று ஏற்பாடு.

தமிழ்செல்வி மாமனாரின் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். அவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். மேசையின் கடைசி நாற்காலியில், யார் பேச்சிலும் கலந்துகொள்ளாமல் சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குமரேசனின் மனைவி.

குமரேசன் குடியை விட்டு ஏழு மாதமாகிறது. வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் எலும்பும் தோலுமாக இறங்கி வந்த நாளை, ஆரம்பத்திலிருந்து இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அவன் தினமும் அப்பாவோடு கீழ்பென்னாத்தூர் மில்லுக்குப் போய் வந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துப் பருப்பெடுக்கும் மில். வெயிலென்றும் தூசியென்றும் பாராமல் மூட்டைகளோடு நின்றான். போன வாரம் அப்பா கோதண்டராமன் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்: "எனக்கு முட்டி ஒத்துழைக்கல. தை பொறந்தா மில்ல பெரியவன் பாத்துக்கட்டும்."

அன்றைக்கு ராத்திரி தமிழ்செல்வி ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள். விமல்ராஜ் மட்டும் மறுநாள் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்றைக்கு அவன் முகம் நன்றாக மலர்ந்திருந்தது.

"குடிக்கிறதுக்கு?" என்று கேட்டாள் நந்தினி. "கீழ ரோஸ்மில்க்கு, லெமன் ஜூஸ் சொல்லிட்டேன். மேல?"

"மேல சரக்கு தான். நம்ம ராஜேந்திரன் அண்ணன் மிலிட்டரி சரக்கு கொண்டாந்து குடுத்துடுவாரு. அத வாங்கி வைக்கிறது, ஐஸு, சோடா, தொட்டுக்க என்னா என்னா வேணும்னு பாக்கறது..." விமல்ராஜ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "அதெல்லாம் அண்ணன் பொறுப்பு."

தமிழ்செல்வியின் கையில் சட்னிக் கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா தம்பி பேசறீங்க?"

"இதுல இன்னா அண்ணி தப்பு? எதுக்கு எது பொருத்தம், எவ்வளவு ஊத்தணும், எவன் எப்ப வாந்தி எடுப்பான், எல்லாம் நம்ம வீட்டுல அண்ணனுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? இருவது வருஷ சர்வீஸு!"

நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு விரலுக்கு நடுவே தெரிந்தது.

"அவுரு விட்டுட்டாரு" என்றாள் தமிழ்செல்வி.

"விட்டவருகிட்ட தான் அண்ணி குடுக்கணும். குடிக்கிறவன்கிட்ட குடுத்தா விருந்தாளிக்கு மிஞ்சுமா?"

தமிழ்செல்வி மாமனாரைப் பார்த்தாள். அதட்ட வேண்டியவர் அவர். ஒரு அதட்டலில் விமல்ராஜ் வாயை மூடிவிடுவான்.

கோதண்டராமன் இட்லியைப் பிட்டபடி, தலையைத் தூக்காமலே கேட்டார். "குமரேசா, உன்னால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

மில்லைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோதும் இதே குரலில்தான் கேட்டார் என்பது தமிழ்செல்விக்கு நினைவு வந்தது. குமரேசனுக்கும் வந்திருக்க வேண்டும்.

"முடியும் நைனா" என்றான் அவன்.

* * *

சமையற்கட்டில் ஆதிலட்சுமி மத்தியானக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வி போன வேகத்தில் முறத்தில் இடித்து வெங்காயம் சிதறியது.

"அத்தை, அவரும் நீங்க பெத்த புள்ள தான? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சின்னவரு இப்படி நாலு பேரு முன்னால குத்திக் காட்டறாரு, வாய மூடிகினு ஒக்காந்திருக்கீங்களே!"

"கதவ சாத்திட்டு வா" என்றாள் ஆதிலட்சுமி.

தமிழ்செல்வி கதவைச் சாத்தினாள்.

"விமலு மேல கோவப்படாத. அவன் வாயில வந்துச்சு, அவ்ளோ தான். சொல்லச் சொன்னது உங்க மாமா."

தமிழ்செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவா?"

"மில்ல அவன் கையில குடுக்கறதுக்கு முன்னால பாத்துடணும்னாரு. நாளைக்கு லோடு வித்துட்டு டவுன்ல எறங்கறவன் நேரா வீட்டுக்கு வருவானா, வேற பக்கம் போவானான்னு இப்பவே தெரியணுமாம். ஒரு நாளு பாட்டிலுக்கு நடுவுல ஒக்கார வச்சா தெரிஞ்சுபோவும்னாரு."

"தவறிட்டாருன்னா?"

"தவறுறவன் இன்னிக்கே தவறட்டும்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க அத்தை?"

ஆதிலட்சுமி ஒரு வெங்காயத்தை உரித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள். "எனக்கும் பாக்கணும்னு தான் இருந்துச்சு. என் வளையல கழட்டிகினு போயி வித்துக் குடிச்சவன் அவன். நான் தூங்கிகினு இருக்கறேன்னு நெனச்சு கழட்டுனான். நான் தூங்கல. கைய நீட்டிகினு படுத்திருந்தேன். இனிமே அப்படிப் படுக்க வேணாமான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

தமிழ்செல்வி மேடையிலிருந்து கையை எடுத்தாள்.

"இத பாரு தமிழு. அவன்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சுகினு நின்னா அது நின்னதா ஆவாதுன்றாரு. நீ சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுது, மில்லு விமலுக்குப் போயிடும். அப்பறம் என்னைக் கொற சொல்லாத."

வெளியே கூடத்தில் நந்தினி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. பாயசத்துக்கு இளநீர் வழுக்கை தனியாக வர வேண்டுமாம். முந்திரி ஜாஸ்தி போட வேண்டுமாம்.

தமிழ்செல்வி சிதறிய வெங்காயத்தைக் குனிந்து பொறுக்கினாள். பதினெட்டு வருஷம். நந்தினி கட்டி அலுத்த புடவையை "அக்கா, உங்களுக்கு நல்லா இருக்கும்" என்று கொடுக்கும்போது வாங்கிக்கொண்ட வருஷங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வந்தால், அப்பா எந்த நிலையில் வருவாரோ என்று தோழிகளைக் கூப்பிடாமலே இருந்த வருஷங்கள். மில் கைக்கு வந்தால் கீழ்பென்னாத்தூரில் தனி வீடு பார்த்துக்கொள்ளலாம். யார் முகத்தையும் பார்த்து உலை வைக்க வேண்டாம்.

ஒரு நாள்தானே, என்று நினைத்தாள். இவ்வளவு நாள் நின்றவர் இன்னும் ஒரு நாள் நிற்க மாட்டாரா?

பொறுக்கிய வெங்காயத்தை முறத்தில் போட்டாள். "சரி அத்தை" என்றாள்.

* * *

சாப்பாட்டு வேளை முடிந்ததும் ராஜேந்திரன் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், விமல்ராஜின் சிநேகிதர். அவருடைய காரிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளைக் குமரேசன்தான் தூக்கி வந்தான். கூடத்தை ஒட்டிய சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அடடே குமரேசா! பாத்து எத்தினி நாளாச்சு! நாளைக்கு வரைக்கும் காத்திருக்கணுமா, இப்பவே ஒண்ணு தெறந்துடலாமா?"

"விட்டுட்டேன்ணா."

ராஜேந்திரனின் சிரிப்பு நின்றது. "மெய்யாவா? ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றவர், அட்டைப் பெட்டியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் இத ஏன் உன்கிட்ட குடுத்தாங்க? வேற ஆளா கெடைக்கல?"

குமரேசன் பெட்டியை அரிசி மூட்டையோடு ஒட்டித் தள்ளினான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோதண்டராமன் ஒரு பக்கத்தைப் புரட்டினார். ராஜேந்திரன் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமான் அறையிலிருந்து குமரேசன் கூப்பிட்டான்.

"தமிழு, ஒரு நிமிஷம் வா."

அவள் போனாள். அவன் பாட்டில்களை எடுத்துத் துடைத்து மறுபடியும் பெட்டிக்குள் அடுக்கியிருந்தான். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது அவனுக்கு இப்போது ஒரு வெறி மாதிரி ஆகியிருந்தது.

"தொட்டுக்க என்னா போடறதுன்னு யோசிச்சேன். வறுத்த மல்லாட்டைல வெங்காயம், மாங்கா பொடியா அரிஞ்சு போட்டுடலாம். முட்டை மசாலா. மொளகு போட்டு ஈரல் ஒரு தட்டு. வெறும் வயித்துல குடிக்க உட்டா பசங்க கவுந்துடுவானுங்க. மொதல்ல சாப்பாடு ஏதாச்சும் உள்ள போவணும்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "கதவ கொஞ்சம் சாத்து."

அவள் பாதி சாத்தினாள். அந்தப் பாதி வழியாக மாமனாரின் நாற்காலி தெரிந்தது.

குமரேசன் சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"இத நீ வச்சுக்கோ."

"ஏங்க?"

"காலைல முடியும்னு வாய் சொல்லிடுச்சு. பெட்டியப் பிரிச்சதும் நாக்கு ஊறுது தமிழு. சொல்லவே வெக்கமா இருக்குது." அவன் குரல் தணிந்தது. "முடியாத எடத்துல முடியலன்னு ஒருத்தருகிட்டயாச்சும் சொல்லிடணும்னு சென்டர்ல சொல்லிக் குடுத்தாங்க. உன்கிட்ட சொல்றேன். வேலை எல்லாம் நான் பாக்கறேன். சாவி மட்டும் உன்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

தமிழ்செல்வியின் கை தானாக எழுந்தது.

கதவிடுக்கில் பார்த்தாள். கோதண்டராமன் பேப்பரைப் பிடித்திருந்தார். வெகுநேரமாக அவர் பக்கம் புரட்டவில்லை. கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்களும் இந்தக் கதவின் மேலேயே இருந்தன.

எழுந்த கையை அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். "உங்கள நம்பித் தான குடுத்திருக்காங்க."

"நம்பியா?"

"பின்ன?"

அவன் அவளையே பார்த்தான். கோபமில்லை. சின்னப் பிள்ளை அடிபட்ட இடத்தைக் காட்டும்போது அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டால், அந்தப் பிள்ளை பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

"சரி" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் அவள் சமையற்கட்டில் ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தாள். சாமான் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டே தேய்த்தாள். பாட்டிலோடு பாட்டில் இடிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் தேய்ப்பதை நிறுத்திக் கேட்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

* * *

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் வேளைக்குப் பிரியாணி மாஸ்டர் சக்கரபாணி ருசி பார்க்க ஹாட்பாக்ஸில் கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்ததும் கூடமெல்லாம் புதினா வாசம்.

எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நந்தினி ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தாள்.

"உப்பு கம்மி" என்றான் விமல்ராஜ்.

"உப்பு சரியா இருக்குது. காரம் தான் ஜாஸ்தி" என்றாள் நந்தினி.

"சீரக சம்பா தான் போட்டிருக்கான். ஏமாத்தல" என்றார் கோதண்டராமன்.

குமரேசன் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தான். விமல்ராஜ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"சாப்பாட ருசி பாத்தாச்சு நைனா. சரக்க யாரு பாக்கறது? மிலிட்டரி பாட்டில்லயே மட்ட சரக்கு ஊத்தி அடைச்சு விக்கிறானுங்களாம். நாளைக்கு எவனுக்காச்சும் வயித்த வலின்னா என் பேரு இல்ல கெடும்?"

"பெரியவன் மோந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார் கோதண்டராமன். "ஒண்ணு எடுத்தாடா."

"போதுங்க" என்றாள் ஆதிலட்சுமி. மெதுவாகத்தான் சொன்னாள். அவர் காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

குமரேசன் எழுந்து போய் ஒரு பாட்டிலோடு வந்தான். அறையைப் பூட்டிச் சாவியை மேசைமேல் வைத்தான். மூடியைத் திருகினான். நந்தினி எவர்சில்வர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கொஞ்சம் ஊற்றினான். புதினா வாசத்துக்கு நடுவில் அந்த நெடி எழுந்தது. தமிழ்செல்விக்கு அது பதினெட்டு வருஷமாகத் தெரிந்த நெடி. தலையணையில், சட்டையில், மகளின் ஸ்கூல் பையில்கூட இருந்த நெடி.

"மோந்தா மட்டும் போதுமா?" என்றான் விமல்ராஜ். "நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருண்ணா. அதுல இன்னா?"

குமரேசன் டம்ளரை மூக்கருகில் கொண்டு போனான். கண்ணை மூடினான். அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைத் தமிழ்செல்வி பார்த்தாள். மேசைக்கு அடியில் தன் கையைத் தானே நகம் பதியக் கிள்ளிக்கொண்டாள்.

"ஒரிஜினல் தான்" என்று டம்ளரைக் கீழே வைத்தான் குமரேசன்.

கோதண்டராமன் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியாடா விமலு! சாயங்காலத்துக்குள்ள கவுந்துடுவான்னு சொன்ன இல்ல? இப்ப இன்னா சொல்ற?"

விமல்ராஜ் பல்லைக் காட்டினான். அது சிரிப்பில் சேர்த்தியில்லை.

"இன்னா நைனா?" என்றான் குமரேசன்.

"ஒண்ணுமில்லடா. நான் தான் உன்னை நிக்க வச்சுப் பாக்கச் சொன்னேன். காலைலேர்ந்து பாத்துகினே தான் இருக்கறேன். பாஸாயிட்ட! மில்லு உன்து. தை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே எடுத்துக்கோ."

பந்தயத்தில் தன் காளை ஜெயித்துவிட்ட மாதிரி அவர் முகம் பூரித்திருந்தது. குமரேசன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"நான் தவறியிருந்தா?"

"தவறல இல்ல, விடு."

"தவறியிருந்தா நைனா?"

"வண்டில ஏத்தி மறுபடியும் சென்டர்ல உட்டிருப்போம். வேற இன்னா பண்றது?" அவர் நிஜமாகவே அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

குமரேசன் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தான். நந்தினி செல்போனைப் பார்த்தாள். ஆதிலட்சுமி தட்டில் சோற்றைக் கிளறினாள். கடைசியில் அவன் பார்வை தமிழ்செல்வியிடம் வந்து நின்றது.

"மத்தியானம் சாவி நீட்டனப்ப உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தை காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"உங்க நல்லதுக்குத் தாங்க..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவன் தலையாட்டினான். பிறகு உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டு, மீதி இருந்த பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்தான். அங்கேயே கிண்ணத்துத் தண்ணீரில் கையலம்பித் துடைத்துக்கொண்டான்.

"நந்தினி, உப்பு சரியா இருக்குதுன்னு மாஸ்டருகிட்ட சொல்லிடு. ஏத்த வேணாம். ஐஸு காலைல வந்துடும். தொட்டுக்க எல்லாம் சொல்லியாச்சு. என் பொறுப்பு முடிஞ்சுது."

பிறகு அப்பா பக்கம் திரும்பினான்.

"மில்லு எனக்குன்னு சொன்னீங்க. நாளைக்கு எதுக்கு, இப்பவே போறேன். ஆபீஸ் ரூம்ல கட்டில் இருக்குது, அங்கயே படுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இனிமே நீங்க அங்க வரக் கூடாது நைனா."

"இன்னாடா சொன்ன?"

"நீங்க வந்து ஒக்காந்து பாத்துகினு இருந்தா எனக்கு ஆவாது. வாசப்படி ஏறுனீங்கன்னா ஆளுங்க முன்னாலயே திருப்பி அனுப்புவேன். சொல்லலன்னு இருக்க வேணாம்."

நாற்பது வருஷமாக அந்த மில்லைக் கட்டி ஆண்ட மனிதர் அவர். கொஞ்சம் முன்பு வரை பூரித்திருந்த முகம் சட்டென்று கிழடு தட்டிப் போயிற்று. குமரேசன் அதை நின்று பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

* * *

அவன் அறைக்குப் போனதும் தமிழ்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

"நானும் வரேங்க."

"வேணாம்."

"தனியா எப்படி இருப்பீங்க?"

"பழகிக்கறேன்."

அவன் பீரோவைத் திறந்து சட்டைகளை அப்படியே அள்ளிக் கட்டில்மேல் போட்டான். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். நாலு சட்டை, இரண்டு லுங்கி, துண்டு, மாத்திரை டப்பா. மடிக்கிற சாக்கில் அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று மெதுவாக மடித்தாள். அவன் பொறுமையாக நின்றான்.

"எத்தினி நாளைக்கு?"

"தெரியல."

"நான் இன்னாங்க பண்ணியிருக்கணும்? மில்லு போயிடும்னு அத்தை சொன்னாங்க. நமக்குன்னு வேற இன்னா இருக்குது?"

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"பயமா இருக்குதுன்னு இந்த ஏழு மாசமா ஒரே ஆளுகிட்ட தான் சொல்லிகினு இருந்தேன்" என்றான். "இனிமே வேற ஆளப் பாக்கணும்."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா போன் பண்ணா அப்பா மில்லுல இருக்கறாருன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தைக் கடந்தான். யாரையும் பார்க்கவில்லை. வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் கேட் திறந்து கிடந்தது. மொட்டை மாடியில் பந்தல்காரர்கள் மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்; மேலேயிருந்து கயிற்றுத் துணுக்குகள் அவள் தலையில் விழுந்தன.

எவ்வளவு நேரம் நின்றாளோ, உள்ளேயிருந்து விமல்ராஜின் குரல் கேட்டது.

"அண்ணி! இங்க கொஞ்சம் வாங்க."

சாமான் அறை திறந்திருந்தது. விமல்ராஜ் அட்டைப் பெட்டியின் வாயை விரித்துப் பிடித்திருந்தான். வரிசையாக நின்ற பாட்டில்களுக்கு நடுவே ஒரு குழி காலியாக இருந்தது.

"ஒரு பாட்டில் கம்மியா இருக்குது."

"அது மேச மேல இருக்குதே, தெறந்தது..."

"அது அந்தப் பொட்டில எடுத்தது. இது வேற."

கோதண்டராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் ஆதிலட்சுமி. கிழவரின் முகத்தில் போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீ தான கூட இருந்து பை கட்டுன?" என்று தமிழ்செல்வியைக் கேட்டார். "பையில இருந்துச்சா?"

இல்லை. நாலு சட்டை, இரண்டு லுங்கி, துண்டு, மாத்திரை டப்பா. அவளே தன் கையால் வைத்தது. அந்தப் பையோடு நேராக வாசலுக்குத்தான் அவன் போனான். சாவி மேசைமேல் கிடந்ததிலிருந்து இந்த அறைக்குள் வந்தவன் விமல்ராஜ் ஒருத்தன்தான். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப் பேச்சு போதும்.

விமல்ராஜ் அவளைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்தவில்லை.

பாட்டில் தன் புருஷனிடம் இருக்கிறது என்று ஆகிவிட்டால் மில் கிடையாது. மில் இல்லையென்றால் ஆபீஸ் ரூம் கட்டிலும் கிடையாது. கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். திட்டுவார்கள், அவமானப்படுத்துவார்கள், நாளைக்கு மறுபடியும் சென்டருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள், ஆனால் இன்றைக்கே, இந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"சொல்லும்மா" என்றார் மாமனார்.

"நான் சரியா பாக்கல மாமா" என்றாள் தமிழ்செல்வி.

விமல்ராஜ் பெட்டியை மூடிவிட்டுக் கார் சாவியை எடுத்தான். கோதண்டராமன் செருப்பைத் தேடினார். முட்டி வலிக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை.